பாயிண்டில் எடுத்த டிக்கெட்டை மேல் வகுப்புக்கு மாற்றுவது எப்படி: லண்டன்–சென்னை ஏவியோஸ் வழிகாட்டி

பணத்துக்குப் பதில் விமான நிறுவனத்தின் உறுப்பினர் திட்டத்தில் சேர்த்த பாயிண்டில் எடுத்த எகானமி டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பிசினஸ் வகுப்புக்கு மாற்றித் தருவார்களா என்று விமான நிலைய கவுன்டரில் கேட்பவர்கள் உண்டு. அங்கே கேட்டுப் பெரும்பாலும் பயன் இருக்காது. பாயிண்ட் டிக்கெட்டை மேலே ஏற்றுவது யாருடைய தயவிலும் நடப்பதில்லை. மேல் வகுப்பில் பாயிண்டுக்கென்று ஒதுக்கிய இருக்கை அந்த நேரத்தில் காலியாக இருக்கிறதா என்பதுதான் ஒரே கேள்வி. இருந்தால் வீட்டில் உட்கார்ந்தபடியே மாற்றிவிடலாம். இல்லாவிட்டால், பிசினஸ் வகுப்பு பாதி காலியாகப் பறந்தாலும் உங்களுக்குக் கிடைக்காது.

ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் விதி வேறு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் உறுப்பினர் திட்டமான கிரிஸ்ஃபிளையரில், மைல்களால் (அங்கே பாயிண்டுக்குப் பெயர் மைல்) எடுத்த டிக்கெட்டுக்கு அப்கிரேடு அவார்டு, அதாவது கூடுதல் மைல் கொடுத்து மேல் வகுப்புக்கு ஏறும் வசதி, கிடையாது. அந்த டிக்கெட்டையே மேல் வகுப்பு மைல் டிக்கெட்டாக மாற்றி எழுத வேண்டும். எல்லா நிறுவனங்களையும் ஒரே கட்டுரையில் அடக்கினால் எதுவும் உருப்படியாக இருக்காது. எனவே பிரிட்டனில் வாழும் தமிழர்களுக்கு அதிகம் பயன்படும் ஒரு வழியை மட்டும் எடுத்துக்கொள்வோம்: பிரிட்டிஷ் ஏர்வேஸின் லண்டன் ஹீத்ரோ–சென்னை நேரடி விமானம், அதற்கான ஏவியோஸ் (பிரிட்டிஷ் ஏர்வேஸின் பாயிண்டுக்கு அதுதான் பெயர்).

ஓர் எழுத்தில் அடங்கிய விஷயம்

விமானத்தில் நமக்குத் தெரிவது நான்கு வகுப்புகள்: எகானமியான வேர்ல்டு டிராவலர், பிரீமியம் எகானமியான வேர்ல்டு டிராவலர் பிளஸ், பிசினஸான கிளப் வேர்ல்டு, அதற்கு மேல் ஃபர்ஸ்ட். சில விமானங்களில் ஃபர்ஸ்ட் இருக்காது. ஆனால் கணினிக்குள் ஒவ்வொரு வகுப்பும் பல எழுத்துகளாகப் பிரிந்து கிடக்கிறது. பாயிண்டுக்கு ஒதுக்கிய இருக்கைகளுக்குத் தனி எழுத்து உண்டு: எகானமிக்கு எக்ஸ், பிரீமியம் எகானமிக்கு பி, பிசினஸுக்கு யூ, ஃபர்ஸ்டுக்கு இசட். நீங்கள் தேடுவது பிசினஸில் காலி இருக்கையை அல்ல, யூ எழுத்தில் காலி இருக்கையை. தொலைபேசியில் பேசும்போதும் “யூ வகுப்பில் எத்தனை இருக்கை காட்டுகிறது?” என்று கேட்டால், எதிர்முனையில் இருப்பவர் சுற்றி வளைக்காமல் எண்ணைச் சொல்லிவிடுவார்.

நீண்ட தூர விமானம் ஒவ்வொன்றிலும் குறைந்தது 14 இருக்கைகளைப் பாயிண்டுக்குத் தருவதாக பிரிட்டிஷ் ஏர்வேஸ் உறுதி சொல்கிறது: எகானமியில் 8, பிரீமியம் எகானமியில் 2, பிசினஸில் 4. விற்பனை மந்தமாக இருந்தால் பிறகு இன்னும் சில திறக்கும். இந்த எண்களைக் குடும்பக் கணக்கோடு பொருத்திப் பாருங்கள். நான்கு பேர் கொண்ட குடும்பம் பிரீமியம் எகானமிக்கு ஏறலாம் என்று திட்டமிட்டால், உறுதியாக இருப்பதே இரண்டு இருக்கைதான். அதே குடும்பம் பிசினஸுக்குக் குறிவைத்தால் நான்கு இருக்கை உண்டு, ஆனால் முதல் நிமிடத்திலேயே பிடிக்க வேண்டும். ஐந்து பேர் என்றால் எல்லோரும் ஒன்றாக மேலே ஏறுவதை நம்பித் தேதி குறிக்காதீர்கள்.

355 நாள் கணக்கு

பாயிண்ட் இருக்கைகள் புறப்படும் நாளுக்கு 355 நாள் முன்பு திறக்கும். நேரம் யூ.டி.சி. எனும் உலகப் பொது நேரக் கணக்கில் நள்ளிரவு 12. பிரிட்டனில் குளிர்கால நேரத்தில் அதே 12 மணி, கோடைகால நேரத்தில் இரவு 1 மணி. இந்தியாவில் எப்போதுமே காலை 5:30. லண்டன்காரர்கள் தூக்கத்தை விட்டு உட்காரும் நேரத்தில், சென்னையில் இருக்கும் அப்பாவோ தங்கையோ காபி குடித்துக்கொண்டே உங்கள் கணக்கில் நுழைந்து எடுத்துவிட முடியும்.

நாளைக் கணக்கிட எளிய வழி: பயணத் தேதியின் முந்தைய ஆண்டுத் தேதியை எடுத்து, பத்து நாள் கூட்டுங்கள். பள்ளி விடுமுறைக்கு 2027 ஜூலை 24 கிளம்ப வேண்டுமானால், 2026 ஆகஸ்ட் 3. ஆகஸ்ட் 28 திரும்புவதாக இருந்தால், அந்த இருக்கை 2026 செப்டம்பர் 7 அன்றுதான் திறக்கும். இடையில் பிப்ரவரி 29 வந்தால் மட்டும் பத்துக்குப் பதில் பதினொன்று.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். போவதையும் வருவதையும் ஒன்றாகத்தான் எடுக்க வேண்டும் என்று நினைத்து செப்டம்பர் 7 வரை காத்திருப்பார்கள். அதற்குள் போகும் இருக்கை போய்விட்டிருக்கும். போகும் டிக்கெட்டை முதலில் எடுங்கள், வரும் டிக்கெட்டை அதன் நாளில் தனியாக எடுங்கள். ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியாகத்தான் ஏவியோஸ் கழியும் என்பதால் பாயிண்டில் நஷ்டமில்லை. ஒரே குறை, பின்னால் ரத்து செய்ய நேர்ந்தால் இரண்டு பதிவுக்கும் இரண்டு கட்டணம்.

இடம் பிடித்துவை, பிறகு ஏறு

முதல் நிமிடத்தில் பிசினஸ் கிடைக்காவிட்டால் விட்டுவிடாதீர்கள். கிடைக்கும் வகுப்பில் டிக்கெட்டைப் போட்டுவிடுங்கள். பாயிண்ட் டிக்கெட்டின் பெரிய பலமே இதுதான்: பதிவு செய்த 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் ஏவியோஸும் திரும்பும். அதன் பிறகும், புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்பு வரை, ஒருவருக்கு 35 பவுண்டு கட்டணத்தில் மாற்றவோ ரத்து செய்யவோ முடியும். ரொக்கத்தில் எடுத்த மலிவான டிக்கெட்டுக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது.

ஆக எகானமி இருக்கை உங்களுக்கு ஊர் போய்ச் சேரும் உத்தரவாதம். அதை வைத்துக்கொண்டு மேலே காலியாகிறதா என்று நிதானமாகப் பார்க்கலாம்.

பார்ப்பதற்கு இரண்டு வழி. ஒன்று, தினமும் நீங்களே தளத்தில் தேடுவது. மற்றொன்று, சீட்ஸ்பை, ரிவார்டு ஃபிளைட் ஃபைண்டர் போன்ற சேவைகளில் எச்சரிக்கை போட்டுவைப்பது. குறிப்பிட்ட தேதியில், குறிப்பிட்ட வகுப்பில் இருக்கை திறந்தால் மின்னஞ்சல் வரும். அந்த மின்னஞ்சல் வரும்போது அதே இருக்கைக்கு இன்னும் பலருக்கும் அதே செய்தி போயிருக்கும். எனவே உங்கள் பக்கம் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். முதலில் தயாராக வேண்டியது கணக்கில் உள்ள ஏவியோஸ்.

டிக்கெட் எந்தக் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டதோ, அதே கணக்கில்தான் கூடுதல் ஏவியோஸும் இருக்க வேண்டும். கத்தார் ஏர்வேஸ் 2022 முதல், ஃபின்ஏர் 2024 முதல் ஏவியோஸையே பாயிண்டாகப் பயன்படுத்துகின்றன. அந்தக் கணக்குகளை பிரிட்டிஷ் ஏர்வேஸ் கணக்கோடு இணைத்துவிட்டால் ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றலாம். பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல் மூன்றும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். தமிழ்ப் பெயர்களில் சிக்கல் வருவது இங்கேதான். ஒரு கணக்கில் தந்தை பெயர் குடும்பப் பெயராகவும், இன்னொன்றில் முதலெழுத்தாகவும் இருந்தால் இணைப்பு மறுக்கப்படும். பாஸ்போர்ட்டில் உள்ளபடி இரண்டையும் இப்போதே திருத்திவிடுங்கள். இருக்கை திறந்த பிறகு திருத்த உட்கார்ந்தால் நாள்கணக்கில் ஆகும். ஏவியோஸைப் பயன்படுத்தும் ஸ்பெயின் நிறுவனமான ஐபீரியாவின் கணக்கென்றால் அது 90 நாள் பழையதாகவும் இருக்க வேண்டும்.

பிரிட்டனில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் ரிவார்டு பாயிண்ட் ஒன்றுக்கு ஓர் ஏவியோஸ். சைன்ஸ்பரீஸ் கடையில் சேரும் நெக்டார் பாயிண்ட் 400-க்கு 250 ஏவியோஸ். வீட்டில் உள்ளவர்கள் குடும்பக் கணக்கு வைத்திருந்தால், செலவாகும் ஏவியோஸ் எல்லோரிடமிருந்தும் விகிதப்படி கழியும். யாருடைய பாயிண்ட் போகிறது என்று பிறகு மனக்கசப்பு வராமல் முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது.

மாற்றும் படிகள்

1. முதலில் வெளியே தேடுங்கள். உங்கள் பதிவுக்குள் போகுமுன், அதே தேதி, அதே விமானம், அதே எண்ணிக்கை பயணிகளுக்குப் புதிதாகப் பாயிண்ட் டிக்கெட் எடுப்பதுபோலத் தேடிப் பாருங்கள். பிசினஸ் காட்டினால்தான் மேற்கொண்டு போவதில் அர்த்தம். எத்தனை ஏவியோஸ், வரிக்கும் கட்டணத்துக்கும் எவ்வளவு ரொக்கம் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

2. வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள். கணக்குக்காக மட்டும், எகானமிக்கு 30,000, பிசினஸுக்கு 90,000 ஏவியோஸ் என்று வைத்துக்கொள்வோம். மாற்றினால் போவது 60,000 ஏவியோஸ், ரொக்க வித்தியாசம், மாற்றக் கட்டணம். பணம் கட்டும் திரையில் ஏவியோஸ் அதிகம் ரொக்கம் குறைவு, ஏவியோஸ் குறைவு ரொக்கம் அதிகம் என்று பல கலவைகள் வரும். பழைய டிக்கெட்டுக்கு எந்தக் கலவையைத் தேர்ந்தெடுத்தீர்களோ, அதே போன்றதோடு ஒப்பிட்டால்தான் கணக்கு சரியாக வரும்.

3. பதிவை நிர்வகிக்கும் பக்கத்துக்குள் சென்று, ஏவியோஸால் அப்கிரேடு செய்யும் பொத்தான் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எந்த வழிக்கு என்று தேர்ந்தெடுத்து, கடைசித் திரையில் வரும் தொகை உங்கள் கணக்கோடு ஒத்துப்போகிறதா பார்த்து உறுதி செய்யுங்கள்.

4. பொத்தான் இல்லையா, பிழைச்செய்தி வருகிறதா? உடனே தொலைபேசி. பதிவு எண், விமானம், தேதி, மாற வேண்டிய வகுப்பு, “யூ எழுத்தில் இருக்கை காட்டுகிறது” என்ற தகவல் ஆகியவற்றை வரிசையாகச் சொல்லுங்கள்.

5. எகானமியிலிருந்து நேராக பிசினஸுக்கு இரண்டு படி தாண்ட வேண்டுமானால், சுத்தமான வழி வேறு: பிசினஸ் டிக்கெட்டைப் புதிதாக எடுத்துவிட்டு, பழையதை ரத்து செய்வது. மேலே சொன்ன கணக்கில், முழு 90,000 ஏவியோஸும் முதலில் கையில் இருக்க வேண்டும். பழைய 30,000 பிறகு திரும்பும். வரிசை முக்கியம். புதியது உறுதியாகி மின்னஞ்சல் வந்த பிறகே பழையதைத் தொடுங்கள். முதலில் ரத்து செய்துவிட்டுப் புதியதைத் தேடப் போய், இரண்டையும் இழப்பது அடிக்கடி நடக்கும் விபத்து.

ஒரே பதிவில் நான்கு பேர் இருந்து, மேலே இரண்டு இருக்கைதான் காலி என்றால் இணையதளம் எதையும் காட்டாது. நான்கு பேருக்கும் சேர்த்துத்தான் அது தேடும். தொலைபேசியில் பதிவை இரண்டாகப் பிரிக்கச் சொல்லி, இருவரை மட்டும் ஏற்றலாம். பிரிக்கும்போது ஒவ்வொரு பதிவிலும் பெரியவர் ஒருவராவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கடன் அட்டை தரும் சலுகை வவுச்சரில் எடுத்த பதிவாக இருந்தால் பிரிப்பதற்கு முன் வவுச்சர் என்னாகும் என்று கேட்டுவிடுங்கள்.

ஸ்ரீலங்கன் போன்ற கூட்டாளி நிறுவனங்களின் விமானங்களுக்கு இது பொருந்தாது. ஏவியோஸ் கொடுத்து ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸில் கொழும்புக்கு எகானமி எடுத்திருந்தால், பிசினஸில் பாயிண்ட் இருக்கை திறக்கும்போது புதிதாக எடுத்துப் பழையதை ரத்து செய்வதே வழி.

வரி: எந்த வழியை ஏற்றுவது?

பாயிண்டில் பறந்தாலும் வரி ரொக்கம்தான். பிரிட்டனிலிருந்து கிளம்பும் பயணிகளுக்கு விமானப் பயணி வரி உண்டு. இந்தியா 2,001 முதல் 5,500 மைல் வரையான தூரப் பிரிவில் வருகிறது. 2026 ஏப்ரல் 1 முதல் இந்தப் பிரிவில் எகானமிக்கு 102 பவுண்டு. அதற்கு மேல் எந்த வகுப்பானாலும் 244 பவுண்டு. பிரீமியம் எகானமிக்கும் அதே 244 தான். கால் நீட்டக் கொஞ்சம் இடம் கூடுதலாகக் கிடைப்பதற்கும், படுக்கையாக விரியும் இருக்கைக்கும் அரசு ஒரே வரி போடுகிறது.

குடும்பமாகப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு எகானமியில் இந்த வரி இல்லை. மேல் வகுப்புக்கு ஏற்றிய மறுகணமே அந்த விலக்கு போய்விடும். இரண்டு பெரியவர்கள், 9 வயதிலும் 13 வயதிலும் இரண்டு பிள்ளைகள் என்றால் எகானமியில் மொத்த வரி 204 பவுண்டு. நால்வரும் மேலே ஏறினால் 976. விமான நிறுவனம் ரொக்கப் பகுதியை மொத்தமாக ஒரு தொகையாக நிர்ணயிப்பதால், திரையில் இந்த வித்தியாசம் அப்படியே தெரியாமல் போகலாம். பிள்ளைகளின் வயதைச் சரியாகக் கொடுத்து இரண்டு வகுப்புக்கும் ஒருமுறை தேடிப் பார்த்தால் உண்மையான தொகை தெரிந்துவிடும்.

இந்த வரி பிரிட்டனிலிருந்து கிளம்பும் வழிக்கு மட்டுமே. சென்னையிலிருந்து லண்டன் வரும் வழியை மட்டும் பிசினஸுக்கு மாற்றினால் இந்த வரி உயராது. நம் பரிந்துரையும் அதுதான், வரிக்காக மட்டுமல்ல. சென்னையிலிருந்து லண்டன் விமானம் விடியற்காலையில் கிளம்புகிறது. அதைப் பிடிக்க நள்ளிரவுக்கு மேல் மீனம்பாக்கம் போய்ச் சேர வேண்டும். ராத்திரி முழுக்கத் தூங்காமல், உறவினர்களிடம் விடைபெற்று, பெட்டி எடை பார்த்து, குடியேற்ற வரிசையில் நின்று களைத்த உடம்புக்குப் படுக்கை தேவைப்படுவது அப்போதுதான். போகும் வழி லண்டன் கடிகாரப்படி பெரும்பாலும் பகல் பயணம்; உட்கார்ந்தே சமாளிக்கலாம். ஏவியோஸ் ஒரு வழிக்கு மட்டுமே போதுமென்றால், வரும் வழிக்குச் செலவிடுங்கள்.

சாமான் விஷயமும் அதோடு சேர்கிறது. பிரீமியம் எகானமியில் 23 கிலோ பெட்டி இரண்டு, பிசினஸில் 32 கிலோ பெட்டி இரண்டு. ஊரிலிருந்து அரைத்த மிளகாய்த்தூளும் இட்லி அரிசியும் ஏறுவது திரும்பும் வழியில்தானே.

வவுச்சர் வைத்திருப்பவர்களுக்கு

பிரிட்டனில் பார்க்ளேகார்டு ஏவியோஸ் கடன் அட்டைகள், மேல் வகுப்புக்கு ஏற உதவும் அப்கிரேடு வவுச்சர் தருகின்றன. மாதக் கட்டணம் உள்ள பிளஸ் அட்டையில் ஆண்டுக்கு 10,000 பவுண்டு, இலவச அட்டையில் 20,000 பவுண்டு செலவழித்தால் கிடைக்கும். 24 மாதம் செல்லும். ஒருவர் போய்வரவோ, இருவர் ஒரு வழி போகவோ பயன்படும். பிரீமியம் எகானமிக்கான ஏவியோஸைக் கொடுத்து பிசினஸில் உட்காரலாம். ஃபர்ஸ்டுக்குச் செல்லாது, ஒரு படிக்கு மேல் ஏறாது. ரொக்கப் பகுதி நீங்கள் உட்காரும் வகுப்புக்கானதுதான். பலர் தவறவிடும் விதி: டிக்கெட் எடுக்கும்போதே வவுச்சரைச் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே எடுத்த டிக்கெட்டுக்குப் பின்னால் ஒட்டவைக்க முடியாது. அப்படி ஒட்டவைக்க விரும்பினால் மீண்டும் அதே கதை: வவுச்சரோடு புதிது எடு, பழையதை ரத்து செய்.

அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் துணைப்பயணி வவுச்சர் வேறு வகை. இரண்டாவது ஆளுக்கு ஏவியோஸ் கழியாது. இலவச அட்டையில் வரும் வவுச்சர் எகானமிக்கு மட்டுமே செல்லும். பிறகு மேலே ஏற்றும் எண்ணமிருந்தால் அந்த வவுச்சரில் டிக்கெட் எடுக்காதீர்கள்.

ரொக்கத்தில் எடுத்த டிக்கெட்டை ஏவியோஸால் ஏற்ற நினைப்பவர்களுக்கு ஒரு வரி: எகானமியில் க்யூ, ஓ, ஜி எழுத்துகளில் விற்கும் மலிவு டிக்கெட்டுகளை ஏற்ற முடியாது. பணம் கட்டுமுன் எழுத்தைப் பாருங்கள்.

மாற்றிய பிறகு

திரையில் “உறுதியானது” என்று வந்தவுடன் மூடிவிடாதீர்கள். பதிவில் வகுப்பு மாறுவது ஒன்று, டிக்கெட் மறுபடி எழுதப்படுவது வேறொன்று. முதலாவது நடந்து இரண்டாவது நடக்காமல் போனால், பயண நாளில் செக்-இன் செய்ய முடியாமல் நிற்பீர்கள். புதிய இ-டிக்கெட் ரசீது மின்னஞ்சலில் வர வேண்டும். அதில் 125 என்று தொடங்கும் டிக்கெட் எண் பழையதிலிருந்து மாறியிருக்க வேண்டும். வகுப்பு எழுத்து யூ என்று இருக்க வேண்டும். ஒரு நாளுக்குள் வராவிட்டால் அழைத்து, டிக்கெட்டை மறுவெளியீடு செய்யச் சொல்லுங்கள்.

பழைய வகுப்பில் காசு கொடுத்துத் தேர்ந்தெடுத்த இருக்கை எண் போய்விடும். ஏற்றும் எண்ணம் இருக்கும்வரை எகானமியில் இருக்கைக்குக் காசு கட்டாமல் இருப்பதே மிச்சம். பிசினஸிலும் உறுப்பினர் தகுதிநிலை இல்லாதவர்களுக்கு இருக்கைத் தேர்வு இலவசமில்லை. புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்பு செக்-இன் திறக்கும்போது இலவசமாக எடுக்கலாம். விமானத்தின் இருக்கை வரைபடத்தையும் பாருங்கள். கதவுள்ள கிளப் சூட் 2019-இல் வந்தது. அது பொருத்தாத விமானங்களில் பழைய அமைப்பு; ஜன்னலோரம் இருப்பவர் பக்கத்தில் உள்ளவரின் காலைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டியிருக்கும்.

சிறப்பு உணவைத் திரும்பப் பதிவு செய்யுங்கள். வகுப்பு மாறும்போது அது விழுந்துபோவதுண்டு. ஏவிஎம்எல் என்பது இந்திய முறைச் சைவ உணவு. எச்என்எம்எல் என்பது இந்து அசைவ உணவு. “இந்து” என்ற சொல்லைப் பார்த்துச் சைவம் என்று நினைத்து, வயதான பெற்றோருக்கு இரண்டாவதைப் பதிந்துவிட்டு, வானத்தில் கோழிக்குழம்பு வந்து நிற்பது நடக்கிற விஷயம்.

விமானம் மாற்றப்பட்டோ வேறு காரணத்தாலோ, நீங்கள் கேட்காமலே உங்களைக் கீழ் வகுப்புக்கு இறக்கினால், பாயிண்ட் டிக்கெட்டானாலும் உரிமை உண்டு. 3,500 கி.மீ.க்கு மேற்பட்ட பயணத்தில், இறக்கப்பட்ட அந்த வழிக்கான விலையில் 75% ஏழு நாளுக்குள் திரும்பித் தர வேண்டும் என்பது பிரிட்டனின் விதி. சென்னை சுமார் 8,200 கி.மீ. பிரிட்டிஷ் நிறுவனம் என்பதால் இரண்டு வழிக்கும் இது பொருந்தும். பழைய, புதிய ரசீதுகளையும் போர்டிங் பாஸையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஏவியோஸ் எவ்வளவு, ரொக்கம் எவ்வளவு என்று பிரித்து எழுதிக் கேளுங்கள்.